மொட்டைத் தலை ராஜாவும் கிரகணம் பார்த்த ராஜாவும்

1868 ஆகஸ்ட் 18. பாங்காக்கிலிருந்து தெற்கே வெகு தூரத்தில், சயாம் வளைகுடாவின் கரையில் வா கோ என்றொரு இடம். கொசு மண்டிய சதுப்பு நிலம். அங்கே காட்டை வெட்டி, மூங்கிலும் ஓலையுமாக ஒரு தற்காலிக அரண்மனையை எழுப்பியிருந்தார்கள். பிரெஞ்சு வானியலாளர்கள் கருவிகளோடு வந்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலேய ஆளுநர் சர் ஹாரி ஓர்ட் வந்திருந்தார். எல்லோரையும் அழைத்தவர் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) மன்னர் மோங்குட். முழுச் சூரிய கிரகணம் எங்கே, எப்போது தெரியும் என்று தானே கணக்குப் போட்டு வைத்திருந்தார். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் சூரியன் மறைந்தது. ஆறு நிமிடத்துக்கும் மேல் பகல் இரவானது.

அதே நிழல்தான் அன்று முதலில் நம் பக்கம் வந்துவிட்டுப் போனது. சென்னை மாகாணத்தின் குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் சூரியனின் ஒளிக்கற்றையைப் பிரித்துப் பார்த்தார். ஹீலியம் கண்டுபிடித்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாசாரி வனபர்த்தியில் இருந்து பார்த்தார். ஒரே காலையில் ஆந்திரத்திலும் சயாமிலும் ஆட்கள் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

வா கோவிலிருந்து திரும்பிய மன்னர் மலேரியாவில் படுத்தார். கூடப் போயிருந்த 14 வயது மகன் சுலாலங்கோர்னுக்கும் காய்ச்சல். மகன் பிழைத்தான். தந்தை அக்டோபர் 1 அன்று இறந்தார். அவருக்கு 64 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

இப்போது சினிமாவுக்கு வருவோம். 1956இல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் இதே மன்னர் எப்படிச் சாகிறார்? ஓடிப்போன ஓர் இளம் அடிமைப் பெண்ணைச் சாட்டையால் அடிக்கக் கை ஓங்குகிறார். ஆங்கிலேய ஆசிரியை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் கண்முன்னால் அடிக்க முடியாமல் மன்னர் சாட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறார். அந்த அவமானத்தில் மனம் உடைந்து படுக்கையில் விழுகிறார். கடைசி மூச்சின்போது அந்த ஆசிரியை பக்கத்தில் இருக்கிறார். கிரகணமும் இல்லை, கொசுவும் இல்லை.

அந்த ஆசிரியை நிஜத்தில் இருந்தவர்தான். பெயர் அன்னா லியோனோவென்ஸ். மன்னர் இறந்தபோது அவர் சயாமிலேயே இல்லை. ஓராண்டுக்கும் முன்பே, 1867இல், கப்பலேறிப் போய்விட்டார்.

நிஜ ராஜா ராணிகளைப் பற்றி எடுக்கிற படங்களில் கற்பனை கலப்பது புதிதில்லை. படுக்கையறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. எழுத்தாளர்தான் எழுதியாக வேண்டும். அதனால் 'இது நிஜமில்லை' என்று குற்றப்பத்திரிகை வாசிப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் மோங்குட்டின் கதை நூறு ஆண்டுக்கு மேல் புத்தகம், மேடை, திரை என்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு கையும் ஒன்றைச் சேர்த்து ஒன்றைக் கழித்திருக்கிறது. எதைச் சேர்த்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், அந்தந்தக் காலத்துப் பார்வையாளர் தன்னைப் பற்றி எதைக் கேட்க ஆசைப்பட்டார் என்பது தெரிந்துவிடுகிறது. ராஜா வெறும் சாக்கு.

முதல் கை அன்னாவுடையது. 1870இல் அமெரிக்காவில் ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார். சயாம் அரண்மனையில் ஆங்கில ஆசிரியையாக இருந்த அனுபவம். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அந்தப்புரத்தைப் பற்றி இன்னொரு புத்தகம். அவற்றில் தன்னைப் பற்றி அவர் சொன்னது இது: பிறந்தது வேல்ஸ் நாட்டில், 1834இல். நல்ல குடும்பம். கணவர் ராணுவ மேஜர். சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கி இறந்துவிட்டார்.

நூறு ஆண்டுக்கு மேல் இதை எல்லோரும் நம்பினார்கள். 1970களில் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர், அன்னாவின் மகன் லூயியைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காகப் பிறப்புப் பதிவேடுகளைத் தேடப் போனார். வேல்ஸில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் கதை வெளியே வந்தது. அன்னா பிறந்தது மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில், 1831இல். அப்பா கம்பெனிப் படையில் சாதாரணச் சார்ஜென்ட். மகள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அம்மாவும் இந்தியாவில் பிறந்தவர். அம்மாவின் அம்மா இந்தியப் பெண்ணாகவோ கலப்பினப் பெண்ணாகவோ இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் ஊகம். கணவர் தாமஸ் மேஜரெல்லாம் இல்லை, குமாஸ்தா. 1849இல் புனேயில் கல்யாணம், 1859இல் பினாங்கில் மரணம். அப்போது அவர் அங்கே ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தார். (ஓர் உபரித் தகவல்: பிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக வந்த போரிஸ் கார்லோஃப், அன்னாவின் அக்காளுடைய பேரன்.)

அவரைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 27 வயதில் விதவை, இரண்டு குழந்தைகள், கையில் காசில்லை. சிப்பாய் மகள், அகமத்நகரில் பிறந்தவள், ரத்தத்தில் கலப்பு உண்டோ என்ற சந்தேகம் வேறு. இதைச் சொல்லியிருந்தால் சிங்கப்பூரில் எந்த வெள்ளைக்காரக் குடும்பமும் பிள்ளைகளை அவர் அங்கே தொடங்கிய பள்ளிக்கு அனுப்பியிருக்காது. வேல்ஸ் சீமாட்டி வேஷம் போட்டார்; சாகும்வரை அதைக் கழற்றவே இல்லை. கீழைநாட்டுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண் என்று உலகமே கொண்டாடிய பாத்திரம், மராட்டியும் இந்துஸ்தானியும் காதில் விழ வளர்ந்த ஓர் இந்தியப் பிறவி. அடுத்து வந்த எல்லாப் படமும் இந்த முதல் கற்பனையின் மேல் கட்டியதுதான்.

சரி, மோங்குட் யார்?

1804இல் பிறந்தவர். 20 வயதில் வழக்கப்படி துறவியானார். கொஞ்ச நாள் காவி கட்டிவிட்டுத் திரும்பி வருவது அங்கே எல்லா ஆண்களும் செய்வது. ஆனால் இவர் மடத்துக்குப் போன இரண்டு வாரத்தில் தந்தை, மன்னர் இரண்டாம் ராமா இறந்துவிட்டார். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அரியணை ஏறினார். தம்பிக்கு மடமே பாதுகாப்பு. அங்கேயே 27 ஆண்டுகள் இருந்தார். பாலி மொழியைக் கரைத்துக் குடித்தார். பௌத்தத்தில் தம்மயுத் என்ற சீர்திருத்த மரபைத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த கத்தோலிக்க ஆயர் பாலெகுவாவிடம் லத்தீன், அமெரிக்கப் பாதிரியார்களிடம் ஆங்கிலம், அப்புறம் கணிதம், வானியல். பிச்சைப் பாத்திரத்தோடு தெருவில் நடந்ததால், அரண்மனைக்குள்ளேயே வளர்ந்த எந்த ராஜாவுக்கும் தெரியாத அளவுக்குச் சாதாரண மக்களைத் தெரியும். 1851இல் அண்ணன் இறந்தபின் 46 வயதில் மன்னரானார். மொத்தம் 82 பிள்ளைகள், அநேகமாக எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். இழந்த காலத்தைப் பிடித்துவிட்டார் என்று பாங்காக்கில் அந்தக் காலத்தில் யாராவது கிண்டல் செய்திருப்பார்கள்.

அவர் ஆண்ட காலம் லேசானதில்லை. மேற்கே பர்மாவின் தென்பாதியைப் பிரிட்டன் 1852இல் விழுங்கிவிட்டது. கிழக்கே பிரான்ஸ் வியட்நாமுக்குள் கால் வைத்திருந்தது. 1855இல் பவுரிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்: இறக்குமதி வரி 3 சதவீதம்தான், ஆங்கிலேயர் தப்புச் செய்தால் அவர்களுடைய தூதரகமே விசாரிக்கும். கசப்பான ஒப்பந்தம். ஆனால் தென்கிழக்காசியாவில் காலனியாகாமல் தப்பித்த ஒரே நாடு சயாம். அதற்கு முதல் காய் நகர்த்தியவர் இவர்தான். கிரகணத்துக்கு வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததிலும் இந்தக் கணக்கு இருந்தது. எங்களுக்கும் கணிதம் தெரியும், நீங்கள் வந்து திருத்த வேண்டியதில்லை என்று சொல்லாமல் சொன்னது.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடியதும் இதே காரணத்தால்தான். முன்பு பாதிரியார்களின் மனைவிமார் அரண்மனைப் பெண்களுக்குப் பாடம் எடுத்தார்கள். பாடத்தைவிடப் பைபிள் அதிகமாகப் போனதால் நிறுத்தினார். அதனால் சிங்கப்பூரில் சயாமின் பிரதிநிதியாக இருந்த டான் கிம் சிங் மூலம் அன்னாவைப் பிடித்தபோது கடிதத்தில் ஒரு நிபந்தனை போட்டார்: மொழியும் அறிவியலும் இலக்கியமும் சொல்லிக்கொடுங்கள், மதம் மாற்ற வேண்டாம். 1862 மார்ச்சில் அன்னா பாங்காக் வந்து இறங்கியபோது அவருக்கு 30 வயது, மன்னருக்கு 57. மன்னர் மெலிந்த உடம்பு, புத்தகப் பிரியர், 27 ஆண்டு துறவி. 1956 படத்தில் ராஜாவாக வந்த யூல் பிரின்னர் திறந்த மார்போடு இடுப்பில் கைவைத்து நிற்பதை மனசிலிருந்து கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

அன்னா புத்தகம் எழுதிய அமெரிக்கா, அடிமை முறைக்காக உள்நாட்டுப் போர் நடத்தி முடித்த அமெரிக்கா. அடிமைத் தளையும் ஒடுக்கப்பட்ட பெண்களும் வரும் கதைக்கு அங்கே வாசகர்கள் காத்திருந்தார்கள். சயாமில் அடிமை முறை இருந்ததும் நிஜம். கடனுக்குத் தன்னையே விற்றுக்கொள்பவர்கள் ஏராளம். ஆனால் நிஜம் போதவில்லை போல. அரண்மனையின் கீழே பாதாளச் சிறை என்று எழுதினார். பாங்காக் ஆற்று வண்டலில் உட்கார்ந்திருக்கிற ஊர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். அங்கே பாதாளச் சிறை கட்டினால் கைதியோடு காவல்காரனும் மிதப்பான்.

அப்புறம் துப்திம். மன்னருக்கு அளிக்கப்பட்ட இளம்பெண். காதலன் பலாட் ஒரு பிக்கு. அவள் ஆண்வேடத்தில் மடத்தில் ஒளிந்து பிடிபடுகிறாள். இருவரையும் சித்திரவதை செய்து எரித்துக் கொல்கிறார்கள். அன்னாவின் இரண்டாவது புத்தகத்தில் வரும் இந்தக் கதைக்கு வேறு எந்த ஆவணத்திலும் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து பாங்காக்கில் தூதரகங்களும் பாதிரியார்களும் ஆங்கிலப் பத்திரிகையும் இருந்தன. பொது இடத்தில் பிக்குவை எரித்திருந்தால் யாராவது ஒருவர் எழுதி வைத்திருப்பார்.

ஆனால் சினிமாவுக்குத் துப்திம் இல்லாமல் முடியாது. 1946 படத்தில் அவள் தீயில் எரிகிறாள். 1956 படத்தில் அவள் உயிரோடு இருக்கிறாள், காதலன் ஆற்றில் பிணமாகக் கிடைக்கிறான். 1999 படத்தில் இருவருக்கும் தலை வெட்டு. நடந்த சம்பவமாக இருந்தால் ஒரே மாதிரிச் செத்திருப்பார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், துப்திம் கதையைப் போலவே ஆரம்பித்து நேர் எதிராக முடிந்த ஒரு வழக்கு மோங்குட் காலத்தில் நிஜமாகவே இருக்கிறது. 1865இல் முவான் என்ற பெண் மன்னரிடம் நேரே மனுக் கொடுத்தாள். அவள் ரிட் என்பவனை விரும்பினாள். பெற்றோர் வேறொருவனுக்குக் கட்டாயமாகக் கொடுத்தார்கள். ஓடிப்போனாள், பிடித்து அடைத்தார்கள். மன்னர் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மனமில்லாத பெண்ணை மாட்டைப் போலக் கொடுக்கக்கூடாது என்பது அந்த ஆணையின் சாரம். அதற்கும் முன்பே, அந்தப்புரப் பெண்களில் அரச குழந்தைகளுக்குத் தாயாகாதவர்கள் விரும்பினால் விலகிப் போய் வேறு திருமணம் செய்துகொள்ளலாம் என்று அறிவித்தவரும் அவரே. முவான் கதையை 1994இல் செர்ட் சொங்ஸ்ரீ என்ற தாய்லாந்து இயக்குநர் படமாக எடுத்தார். அதில் ரிட் முன்பு பிக்குவாக இருந்தவன். தாய்லாந்துக்கு வெளியே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அன்னாவின் புத்தகங்கள் ஒரு காலத்துக்குப் பிறகு மறந்துபோயின. தூசி தட்டி எடுத்தவர் மார்கரெட் லாண்டன். தென் தாய்லாந்தின் திராங் நகரில் பாதிரியார் கணவரோடு பல ஆண்டு இருந்த அமெரிக்கர். 1944இல் 'அன்னா அண்ட் தி கிங் ஆஃப் சயாம்' என்று நாவலாக எழுதினார். தன் நாவலில் 75 சதவீதம் உண்மை, 25 சதவீதம் உண்மையை ஒட்டிய கற்பனை என்று அவரே சொன்னார். அன்னா எழுதியதை முழு உண்மை என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. இரண்டே ஆண்டில் ஹாலிவுட் படம். ரெக்ஸ் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் மை பூசிக்கொண்டு சயாம் ராஜாவானார்.

கெர்ட்ரூட் லாரன்ஸ் என்ற மேடை நட்சத்திரத்துக்கு அன்னா வேடத்தில் ஆசை வந்தது. அதனால் 1951 மார்ச்சில் பிராட்வேயில் அது 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசை நாடகமானது. அவர்தான் அன்று பெரிய பெயர். ராஜாவாக வந்த யூல் பிரின்னரை அதிகம் பேருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே லாரன்ஸ் இறந்துபோனார். பிரின்னர் மொட்டைத் தலையோடு தொடர்ந்தார். 1985 வரை மொத்தம் 4,625 முறை அந்த வேடத்தில் மேடை ஏறினார். 1956 படத்துக்காக ஆஸ்கரும் வாங்கினார். அதே ஆண்டுதான் 'பத்துக் கட்டளைகள்' படத்தில் பார்வோனாகவும் வந்தார். நம் ஊரில் அவரை அப்படித்தான் அதிகம் பேருக்குத் தெரியும். விளாடிவோஸ்டாக்கில் பிறந்த ரஷ்யர் ஒரே ஆண்டில் எகிப்து ராஜாவும் சயாம் ராஜாவும் ஆனார். இரண்டுக்கும் அதே தலை, அதே நிற்கும் தோரணை. இந்தக் கதையின் பெரிய ஹாலிவுட் படங்களில் ராஜா வேடம் ஒரு தாய்லாந்துக்காரருக்குக் கிடைக்கவே இல்லை.

1951இன் அமெரிக்காவுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது நாடகத்திலேயே இருக்கிறது. சீனா கம்யூனிஸ்ட் பக்கம் போய்விட்டது, கொரியாவில் சண்டை. ஆசியாவை அடித்துத் திருத்தாமல் அன்பால் திருத்தலாம், அதற்கு ஓர் ஆசிரியை போதும் என்ற நம்பிக்கை கேட்க இதமாக இருந்தது. முரட்டு ராஜா, குழந்தை மனசு, நடனம் சொல்லிக்கொடுத்தால் ஆடுவான். பாட்டுகள் அருமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் பிரச்சினையே. பாட்டு சுமாராக இருந்திருந்தால் கதை அத்தோடு செத்திருக்கும்.

யானைக் கதை ஒன்று போதும், இந்தத் திரிப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க. படத்தில் ராஜா உள்நாட்டுப் போரில் சிக்கிய லிங்கனுக்கு யானைகள் அனுப்பப் போவதாகக் கடிதம் எழுதவைக்கிறார். பார்வையாளர் சிரிக்கிறார். நிஜத்தில் மோங்குட் அந்தக் கடிதத்தை எழுதியது 1861 பிப்ரவரி 14. அமெரிக்காவில் போரே அப்போது ஆரம்பிக்கவில்லை. பதவியில் இருந்தவர் புக்கானன். யானைகளைத் தருவதாகச் சொன்னது போருக்கும் இல்லை; அமெரிக்காவில் யானை இல்லை என்று கேள்விப்பட்டு, ஜோடி ஜோடியாக அனுப்பினால் காட்டில் விட்டு வளர்க்கலாம், சாலையில்லாத இடத்தில் பாரம் சுமக்க உதவும் என்ற யோசனை. நீராவி எந்திரம் முழுதாகப் பரவாத காலத்தில், யானையை வைத்து மரம் இழுக்கிற நாட்டின் மன்னர் சொல்லக்கூடிய யோசனைதான். கடிதம் போய்ச் சேர்ந்தபோது லிங்கன் வந்துவிட்டார். எங்கள் தட்பவெப்பம் யானைக்கு ஒத்துவராது, நாங்கள் நீராவியில் வேலை பார்க்கிறோம் என்று 1862 பிப்ரவரி 3இல் மரியாதையாகப் பதில் எழுதினார். அன்னா பாங்காக் வந்தது அதற்கு அடுத்த மாதம். ஆக, அவர் இல்லாத காலத்து வேலையில் தேதியை மாற்றி, நோக்கத்தை மாற்றி, அவரை உள்ளே உட்காரவைத்து, ஒரு நகைச்சுவைக் காட்சி செய்துவிட்டார்கள்.

தாய்லாந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. முதல் படம் வந்தபின் 1948இல் செனி பிரமோஜ், குக்ரித் பிரமோஜ் என்ற அரச குலத்துச் சகோதரர்கள் மோங்குட்டின் கடிதங்களையும் ஆணைகளையும் ஆங்கிலத்தில் தொகுத்தார்கள். அதை வைத்து அபட் லோ மொஃபட் என்ற அமெரிக்க அதிகாரி 1961இல் மன்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நல்ல புத்தகம், ஆனால் அதில் பாட்டு இல்லை. குக்ரித் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1963இல் மார்லன் பிராண்டோ நடித்த ஒரு ஹாலிவுட் படத்தில் கற்பனை நாடொன்றின் பிரதமராக நடித்தார். 1975இல் நிஜமாகவே தாய்லாந்தின் பிரதமர் ஆனார். செனியும் பிரதமராக இருந்தவர்தான்.

1956 படத்துக்குத் தாய்லாந்தில் தடை. 1999இல் ஜோடி ஃபாஸ்டரும் சௌ யுன்-ஃபாட்டும் நடித்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்தை அங்கேயே எடுக்க அனுமதி கேட்டார்கள். திரைக்கதையைத் திருத்தித் திருத்திக் கொடுத்தும் அரசு சம்மதிக்கவில்லை. மலேசியாவில் ஈப்போவில் பாங்காக் அரண்மனையை செட் போட்டார்கள். இந்த முறை ராஜா கோமாளி இல்லை. அறிவாளி, கண்ணியமானவர், பிள்ளைகள் மேல் பிரியமுள்ளவர். சௌ யுன்-ஃபாட் நன்றாகவே செய்திருந்தார். ஆனால் ஹாலிவுட்டுக்குச் சண்டை வேண்டுமே. அலாக் என்ற தளபதியின் கலகம், பாலத்தில் குண்டு, ஆசிரியையின் தந்திரத்தால் ராஜா தப்பிப்பது என்று நடக்காத ஒரு முழுக் கலகத்தை உள்ளே வைத்தார்கள். மன்னரைக் காதலுக்கு ஏங்குபவராகவும் காட்டினார்கள். தணிக்கைக் குழு தடை போட்டது.

தாய்லாந்தில் தணிக்கையோடு விஷயம் முடியாது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு மன்னர், அரசி, வாரிசு, மன்னருக்காக ஆட்சி நடத்துபவர் ஆகியோரை அவமதித்தால் 3 முதல் 15 ஆண்டு சிறை என்கிறது. இறந்த மன்னர்களைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனாலும் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பழைய மன்னர்களை இழித்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும் என்றது. வழக்கு எந்த மன்னரைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? மோங்குட்டேதான். 2005இல் உள்ளூர் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் ஒருவர், நாம் என்ன நான்காம் ராமா (அதாவது மோங்குட்) காலத்து அடிமைகளா என்கிற தொனியில் பேசிவிட்டார். குற்றம்தான் என்று தீர்ப்பு. அன்னா 1870களில் மிகைப்படுத்தி எழுதிய அதே விஷயத்தை, பாங்காக்கில் உட்கார்ந்து மிகைப்படுத்தாமல் பேசுவதற்கும் வழி குறைந்துபோனது.

இன்னொரு பக்கம் தாய்லாந்தே ராஜா படங்கள் எடுக்கத் தொடங்கியது. 2001இல் 'சுரியோதை'. இயக்கியவர் சாத்ரிசலெர்ம் யுகோல், அவரே ஓர் இளவரசர். ஆதரவு தந்தவர் அரசி சிரிகிட். 16ஆம் நூற்றாண்டில் கணவர் உயிரைக் காக்க ஆண்வேடத்தில் யானைமேல் போருக்குப் போய் மாண்ட அரசியின் கதை. பழைய நாளாகமங்களில் அவளைப் பற்றிச் சில வரிகளே உண்டு. அதை மூன்று மணி நேரப் படமாக்கினார்கள். வசூலில் அந்நாட்டின் பழைய சாதனைகளை முறியடித்தது. வெளிநாட்டுக்காக அதைச் சுருக்கிக் கொடுத்தவர் இயக்குநரின் கல்லூரித் தோழர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா.

அப்புறம் அதே இயக்குநர் நரேசுவான் மன்னரைப் பற்றி 2007 முதல் 2015 வரை ஆறு படங்கள் எடுத்தார். சிறுவயதில் பர்மாவில் பணயமாக வளர்ந்து, திரும்பி வந்து, 1593இல் யானைமேல் ஒற்றைக்கு ஒற்றை நின்று பர்மிய இளவரசர் மிங்யி ஸ்வாவை வெட்டி வீழ்த்தியதாக சயாம் நாளாகமம் சொல்லும் வீரர். பர்மிய நாளாகமம் வேறு மாதிரி சொல்கிறது. இளவரசர் துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார் என்கிறது. படத்தில் நரேசுவானாக நடித்தவர் நிஜத்திலும் ராணுவ அதிகாரி. 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே, மக்களுக்கு மகிழ்ச்சியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்லி, இந்த வரிசையின் ஐந்தாவது படத்தை நாடெங்கும் தியேட்டர்களில் இலவசமாகக் காட்டினார்கள். டிக்கெட்டுக்கு விடிகாலையிலிருந்தே வரிசை நின்றது.

ஹாலிவுட் ராஜாவுக்கு ஆசிரியை இல்லாமல் ஒன்றும் தெரியாது. தாய்லாந்துப் பட ராஜாவுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. இரண்டிலும் சந்தேகப்படுகிற, கணக்குப் போட்டுப் பார்க்கிற மனிதனுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். கொசு கடிக்கும் சதுப்பில் மேகம் விலகுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரைப் போன்ற மனிதனுக்கு.

அதே 2014 அக்டோபரில், தம்மசாத் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் சுலக் சிவரக்ஸா பேசினார். முதிய அறிஞர், அரச ஆதரவாளர், ஆனால் கேள்வி கேட்பதை விடாதவர். அந்த யானைச் சண்டை சொல்லப்படுவது போல நடந்ததா, கேட்டதையெல்லாம் நம்பிவிடாதீர்கள் என்றார். இரண்டு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் புகார் கொடுத்தார்கள். 112ஆம் பிரிவு. வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. 84 வயதில், நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மன்னரை அவமதித்ததாக அவர் படியேற வேண்டியிருந்தது.

2018 ஜனவரி 17 அன்று வழக்கைக் கைவிட்டார்கள். போதிய சாட்சியம் இல்லையாம். மறுநாள் ஜனவரி 18, தாய்லாந்தின் ஆயுதப் படைகள் தினம். நரேசுவானின் யானைச் சண்டை நடந்த நாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள்.